மேஸ்திரியின் லாண்டரி

நுரையீரலைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்த நாளிலிருந்து மேஸ்திரி சாகத் தொடங்கிவிட்டார். சும்மா சாகவில்லை, நாலு பேர் பார்க்கிற மாதிரி செத்துக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மருமகன் கையில் கொடுத்து, "இனிமே எனக்கெதுக்கு நேரம்" என்றார். வேண்டாம் மாமா என்று மருமகன் கெஞ்சுவான் என்று எதிர்பார்த்திருப்பார் போல. அவன் வாங்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்காக மேஸ்திரி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வாசல் மணி அடித்தால் அவருக்கு இருமல் வரும். வந்தவர் போனதும் இருமலும் கூடவே போய்விடும்.

அவர் மனைவியை எல்லாரும் மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் இருமல் இருந்தது. அவள் இருமலுக்கு வாசல் மணியெல்லாம் தேவையில்லை. போன மழைக்காலத்தில் வந்தது, போகவே இல்லை. வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமிவிட்டு வருவாள். மேஸ்திரி இருமினால் தெருவுக்கே கேட்கும். அவள் இருமுவது குழாய்க்கு மட்டும்தான் தெரியும். வலது விலாவுக்குள் என்னவோ குத்தியது. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப்படியில் மூச்சு நின்று வழி கேட்டது. தெருமுனை டாக்டரிடம் போனாள். "வயசாகுதில்லம்மா" என்று மருந்து எழுதிக் கொடுத்தார். அவருக்கு அவளைவிட வயது அதிகம்.

படம் பிடிக்கும் செய்தி தொலைபேசியில் வந்தபோது எடுத்தவள் அவள்தான். பழைய கொதிகலன் தொழிற்சாலையில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுற்றும் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் இலவசமாக ஸ்கேன் செய்கிறார்கள் என்று ஒரு பெண் சொன்னாள். அந்தத் தூசி உள்ளே போனால் இத்தனை காலம் கழித்தும் வேலையைக் காட்டுமாம். முன்னாலேயே கண்டுபிடித்தால் ஏதாவது செய்யலாமாம்.

"தூசி உடம்புக்குள்ள எப்படிம்மா போகும்? வேலை செஞ்சாத்தானா?" என்று மேஸ்திரியம்மா கேட்டாள்.

"மூச்சுல போறதுதாம்மா. அந்த வேலைத்துணியை வீட்டுல யாராவது உதறித் துவைச்சிருந்தா அவங்களும் ஸ்கேன் எடுத்துக்கணும். ஆனா வேலை பாத்தவர் வந்து அதைச் சொல்லணும். அவர் சொன்னாத்தான் நாங்க சேத்துக்க முடியும்."

மேஸ்திரியம்மா தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். விலாவுக்குள் குத்துவது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. சாவுக்கெல்லாம் நான் பயப்படுகிறவளா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சாவுக்குத்தான் பயந்தாள்.

இந்த இடத்தில் மேஸ்திரியின் பெருமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வரிசையாகக் கோப்பைகள் நிற்கும். வருடத்துக்கொரு கோப்பை, ஒவ்வொன்றிலும் 'மிகத் தூய்மையான அணி' என்று பொறித்திருக்கும். தொழிற்சாலையில் வேலைத்துணியை வாசலைத் தாண்டி எடுத்துப்போகக் கூடாது என்பது விதி. உள்ளேயே சலவை உண்டு. அந்தச் சலவையில் போட்ட துணி சாம்பல் நிறத்தில், பாதிப் பட்டனோடு திரும்பி வரும். அதைப் போட்டுக்கொண்டு கோப்பை வாங்க முடியுமா? மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். வாரக் கடைசியில் தன் ஆட்கள் எல்லாருடைய துணியையும் ஒரு மூட்டையாகக் கட்டுவார். வாசல் காவலாளி அப்போது பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். "டவுன்ல எனக்குத் தெரிஞ்ச லாண்டரி ஒண்ணு இருக்கு, செலவு என்னுது" என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார். ஆட்களுக்கு அவர் தெய்வமாகிவிட்டார். மேலதிகாரி கேட்டால், எல்லாம் உள்சலவைதான், நாங்கள்தான் துணியைப் பக்குவமாக வைத்துக்கொள்கிறோம் என்பார்.

டவுனில் லாண்டரி எதுவும் இல்லை. கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்த பெண் ஒருத்திதான் இருந்தாள். முதல் மூட்டையை அவள் மாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் நின்று உதறினாள். வெள்ளைத் தூசி காற்றோடு போனது. மேஸ்திரி பின்னாலேயே ஓடிவந்தார். யாராவது பார்த்து, துணி வெளியே வருவது தெரிந்துபோனால் தன் வேலை போய்விடும் என்றார். அதைவிட, கேங் ஆட்களின் அழுக்கை மேஸ்திரி பெண்டாட்டி துவைக்கிறாள் என்று தெரிந்தால் மானமே போய்விடும் என்றார். அன்றிலிருந்து பின்பக்கக் குளியலறையில், கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உதறினாள். மூக்கில் துண்டைக் கட்டிப் பார்த்தாள், மூச்சு முட்டியது, அவிழ்த்துவிட்டாள். பல்பு வெளிச்சத்தில் தூசி மினுமினுவென்று மிதக்கும். கொஞ்சம் அழகாகக்கூட இருக்கும். உதறும்போது மூச்சை அடக்கிக்கொள்ளத் தானாகவே பழகிக்கொண்டாள். இப்படித்தான் மேஸ்திரிக்கு வருடா வருடம் கோப்பை வந்தது. அந்தக் கோப்பைகளைத் துடைத்து வைப்பதும் அவள்தான்.

தொலைபேசி விஷயத்தை அன்று சாப்பாட்டு மேசையில் எடுத்தாள்.

"துணி துவைச்சவங்களும் வரணுமாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்."

மேஸ்திரி கையிலிருந்த தேக்கரண்டி பாதி வழியில் நின்றது. "என்னன்னு சொல்லச் சொல்ற?"

"உள்ளதைத்தான்."

"நம்ம கேங் ஆளுங்க நெட்டையும் கோட்டானும் அன்னைக்குத்தான் வர்றானுங்க. அவனுங்க முன்னாடி வச்சு, அந்த லாண்டரி என் பெண்டாட்டிதான்டான்னு சொல்லணுமா? கம்பெனி விதியை மீறி கப்பு வாங்கினேன்னு சொல்லணுமா?"

"கம்பெனியே இல்லையேங்க. இடிச்சுக் கடை கட்டியாச்சே."

"கம்பெனி போனா என் பேரும் போயிடணுமா?" என்றார் மேஸ்திரி. பிறகு சற்று இறங்கி வந்து, "உனக்கு இருக்கறது சாதா இருமல். தண்ணி மாத்திக் குடிச்சிருப்ப. எனக்கு வர்றதுதான் வேற மாதிரி. நானே இன்னும் எத்தனை நாளோன்னு கிடக்கேன், இதுல நீ வேற" என்றார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதையாவது தூக்கி எறியலாம் என்றுகூடத் தோன்றியது. எறிந்தால் பொறுக்க வேண்டியவளும் அவள்தான். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஸ்கேன் எடுக்கிற இயந்திரத்தை ஒரு நீளமான லாரிக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தொழிற்சாலை இருந்த இடத்தில் கட்டிய பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் அதை நிறுத்தியிருந்தார்கள். மேஸ்திரியம்மா அந்தக் கடைக்கு அடிக்கடி வருவாள். கொதிகலன் கொட்டகை இருந்த பக்கத்தில் இப்போது சோப்புத் தூள் அடுக்கியிருக்கிறார்கள். லாரிக்குப் பக்கத்தில் ஒரு பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் இளவயது நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

மேஸ்திரியின் பழைய ஆட்கள் இரண்டு பேர் முன்பே வந்திருந்தார்கள். ஒருவன் நெட்டை. இன்னொருவன் கோட்டான். வாயே திறக்காமல் முழித்துக்கொண்டே இருப்பான் என்பதால் வந்த பெயர். நெட்டை போன தடவையே ஸ்கேன் எடுத்தவன்.

"எனக்கு ரெண்டு பக்கமும் தழும்பு இருக்கு மேஸ்திரி. நுரையீரலைச் சுத்தி இருக்கற உறையில, திட்டுத் திட்டா. தூசி போட்ட முத்திரையாம்" என்றான், சொத்து விவரம் சொல்கிறவனைப் போல. "அதனால ஒண்ணும் ஆகாதாம். ஆனா வருஷா வருஷம் வந்து காட்டணும்."

"எனக்கு அதைவிட ஜாஸ்தி இருக்கும்" என்றார் மேஸ்திரி.

"வாங்க அண்ணி, உக்காருங்க" என்று நெட்டை அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பழைய பேச்சு தொடங்கியது. குழாய்க்குக் கல்நார் சுற்றி முடித்து வெளியே வந்தால் ஒருத்தனை ஒருத்தன் அடையாளம் தெரியாதாம், எல்லாரும் வெள்ளைப் பிசாசுகளாம். "ஆனா திங்கக்கிழமை காலையில பாருங்க அண்ணி, நம்ம கேங் மட்டும் மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கும். அந்த லாண்டரிக்காரன் கை இருக்கே, தங்கம். பட்டன்கூடத் தைச்சுக் குடுப்பான். இருக்கானோ, போய்ட்டானோ."

"எங்கயாவது இருப்பாரு" என்றாள் மேஸ்திரியம்மா. மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

நர்ஸ் கூப்பிட்டாள். மேஸ்திரி எழுந்து, நாற்காலிக்கும் மேசைக்கும் இடையில் இருந்த கொஞ்ச தூரத்தில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். அவள் பின்னாலேயே போய் நின்றாள். நர்ஸ் எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னாள். ஊசி கிடையாது. சாதாரண ஸ்கேனைவிட இதில் கதிர்வீச்சு ரொம்பக் குறைவு. படுத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், சொல்லும்போது மூச்சை அடக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நீங்களே கையால கல்நார் சுத்துவீங்களா ஐயா?"

"நான் இல்லாம ஒரு குழாய் சுத்தினதில்லம்மா."

"வாசல்ல நிப்பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஃபேன் பக்கத்துல."

எல்லாரும் திரும்பினார்கள். பேசியது கோட்டான். பேசி முடித்துவிட்டேன் என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டான். மேஸ்திரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வேலைத்துணியை வீட்டுக்குக் கொண்டுபோவீங்களா? யார் துவைச்சாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் மேஸ்திரியம்மா நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். என்னதான் இருந்தாலும் கட்டினவர், கடைசி நேரத்தில் மனசு மாறும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. மேஸ்திரி அவளைப் பார்த்தார். பிறகு நெட்டையைப் பார்த்தார். நெட்டை சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான்.

"லாண்டரிக்குப் போயிடும்மா. டவுன்ல ஒரு லாண்டரி."

"அப்ப வீட்டுல வேற யாருக்கும் தேவையில்ல" என்று நர்ஸ் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அந்த லாண்டரி நான்தாம்மா" என்றாள் மேஸ்திரியம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பந்தல் சின்னது. மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இவளுக்கு வயசாயிடுச்சு, எதையாவது..." என்று பூசி மெழுகப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நெட்டையைப் பார்த்துத்தான் பேசினாள். "உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் நிக்கவே நிக்காது. வாரா வாரம் அறுத்துக்கிட்டு வருவீங்க. பையில மிட்டாய்க் காகிதம் இல்லாம ஒரு சட்டை வந்ததில்ல."

நெட்டை மெதுவாக எழுந்தான். "ஒருதரம் நீல நூல்ல தைச்சு வந்துச்சு."

"வெள்ளை நூல் தீந்துபோச்சு."

நெட்டை தன் சட்டையின் இரண்டாவது பட்டனைத் தொட்டுப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. பிறகு வேறென்னவோ நினைவுக்கு வந்தவனாக மேஸ்திரி பக்கம் திரும்பினான். "மேஸ்திரி, லாண்டரிக்காரருக்குன்னு சொல்லி நாங்கள்லாம் சேந்து வருஷா வருஷம் ஒரு பாட்டில் வாங்கிக் குடுப்போமே. அது எங்க போச்சு?"

"போய்ச் சேந்துச்சு" என்றார் மேஸ்திரி.

போய்ச் சேர்ந்த இடம் மேஸ்திரியம்மாவுக்குத் தெரியும். காலி பாட்டிலைக் கழுவி அதில் எண்ணெய் ஊற்றி வைத்தவள் அவள்தான். அதைச் சொல்லவில்லை. எல்லாக் குட்டையும் ஒரே நாளில் உடைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

நர்ஸுக்கு இந்தப் பட்டன் கதையெல்லாம் தேவையில்லை. அவள் மேஸ்திரியைத்தான் கேட்டாள். "ஐயா, அம்மா சொல்றது சரிதானா? நீங்க சொன்னாத்தான் நான் சேக்க முடியும்."

மேஸ்திரி மறுபடியும் வானத்தைப் பார்த்தார். மேஸ்திரியம்மா அந்த நேரத்தில் அவரை வெறுத்தாள். ஒரு தலையாட்டல் போதும், அதற்கே இத்தனை யோசனை. ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தாள், இருமல் முந்திக்கொண்டது. நல்ல நீளமான இருமல். இத்தனை நாள் குழாய்த் தண்ணீருக்குள் போட்டுப் போட்டு மூடி வைத்தது மொத்தமாக வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மேஸ்திரி அந்த இருமலை அன்றுதான் முழுசாகக் கேட்டார். வேலைத்தலத்தில் இந்த மாதிரி இருமிய ஆட்களை அவருக்குத் தெரியும். அவர்களில் யாரும் இப்போது இல்லை.

"ஆமாம்மா" என்றார். "இவதான் துவைச்சா. எல்லாரோடதும்."

"எங்க வச்சு உதறுவாங்க? வெளியிலயா?"

அவள் பதில் சொல்லுமுன் அவரே சொன்னார். "உள்ள. குளியலறையில. கதவைச் சாத்திக்கிட்டு."

"ஜன்னல்?"

"அதையும்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். யார் சாத்தச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவளிடம் இல்லை போலிருக்கிறது. மேஸ்திரி அதற்கும் பதிலை வைத்துக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நின்றார். கேட்பாரில்லை. கோட்டானும் அன்றைக்குப் பேச வேண்டியதைப் பேசி முடித்திருந்தான்.

லாரிக்குள் மேஸ்திரியம்மாவை ஸ்கேன் மேடையில் படுக்க வைத்தார்கள். பெரிய வளையத்துக்குள் மேடை அவளைக் கொண்டுபோனது. மூச்சை நன்றாக இழுங்கள், அடக்குங்கள் என்று ஒரு குரல் சொன்னது. அடக்கினாள். கண் முன்னால் பல்பு வெளிச்சமும் மினுமினுப்பும் வந்து போயின. இயந்திரம் முனகி ஓய்ந்தது. இவ்வளவுதானா என்று கேட்டாள், இவ்வளவுதான் என்றார்கள்.

"நல்லா அடக்குனீங்கம்மா. பாதிப் பேருக்கு வரவே வராது" என்றாள் நர்ஸ்.

"பழக்கம்" என்றாள்.

முடிவு சொல்ல டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். முதலில் மேஸ்திரிக்கு. தழும்பு இல்லை, புள்ளி இல்லை, இந்த வயதுக்கு இப்படி ஒரு நுரையீரலைப் பார்ப்பதே அபூர்வம் என்று பாராட்டினார். மேஸ்திரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சரியாப் பாத்தீங்களா டாக்டர்? ஆள் மாறிப்போயிருக்கும். நான் கல்நார்ல ஊறின ஆளு" என்று வாதாடினார். டாக்டர் இன்னொரு முறை பார்த்துவிட்டு, இன்னொரு முறை பாராட்டினார்.

பிறகு மேஸ்திரியம்மாவைக் கேட்டு வாங்கிப் பேசினார். இரண்டு பக்க உறையிலும் தழும்புகள் நிறைய இருந்தன. அதுபோக, வலது பக்கம் பருப்பு அளவில் ஒரு புள்ளி. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், ஏதாவதாகவும் இருக்கலாம். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்திருந்தாலும் இந்த அளவில் கண்டுபிடித்தால் வெட்டி எடுத்துவிடலாம், நல்ல வேளை வந்தீர்கள் என்றார். நல்ல வேளை எப்படி வந்தது என்று அவள் அவருக்கு விளக்கவில்லை.

மேஸ்திரியின் இருமல் அந்தத் தொலைபேசியோடு நின்றுபோனது. வாசல் மணி அடித்தாலும் வரவில்லை. கைக்கடிகாரத்தை மருமகனிடம் திருப்பிக் கேட்க வாய் வராமல், மணி என்ன என்று அவளை நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கண்ணாடி அலமாரி காலியாக இருந்தது. கோப்பைகளைத் தேடினாள். பின்பக்கக் குளியலறையில், வாளிக்குப் பின்னால் சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தார். வீணாவானேன் என்று ஒன்றைக் கழுவிப் பல் துலக்கும் பிரஷ்களைப் போட்டு வைத்தாள். மிச்சத்தைத் துடைக்கும் வேலை அன்றோடு விட்டது. குளியலறை ஜன்னலை மட்டும் மேஸ்திரி யாரையும் சாத்த விடவில்லை. மழை உள்ளே அடித்தாலும் திறந்தே கிடந்தது.

மூன்று மாதம் ஓடுவதற்குள் அவள் பயந்து பயந்து பாதியாகிவிட்டாள். லாரி மறுபடி வந்தது. அதே பந்தல், அதே மேசை. நர்ஸ் மட்டும் புதுசு. நெட்டையும் கோட்டானும் சொல்லாமலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கு ஸ்கேன் எதுவும் இல்லை.

மேஸ்திரி முன்னால் நடந்து வருவதைப் பார்த்து நர்ஸ் நாற்காலியைக் காட்டினாள். "வாங்க ஐயா, உக்காருங்க. தொழிற்சாலையில என்ன வேலை பாத்தீங்க?"

"எனக்கில்லம்மா, இவங்களுக்கு. நான் துணைக்கு வந்தவன்." நாற்காலியைப் பின்னால் இழுத்து மனைவியை உட்கார வைத்தார்.

நர்ஸ் அவளைப் பார்த்தாள். "அம்மா அங்க வேலை பாத்தாங்களா? எந்தப் பிரிவு?"

மேஸ்திரி நிமிர்ந்தார். அந்தக் காலத்தில் தொழிற்சாலை வாசலில் ஆள் எண்ணும்போது வைத்திருந்த குரல் அவருக்கு எங்கிருந்தோ திரும்பி வந்தது. "என் கேங்தாம்மா. சலவை. ஆரம்பத்துலருந்து கடைசிவரைக்கும் இவங்கதான்."

"இப்பத்தான் மேஸ்திரிக்கு ஆள் கணக்கு சரியா வருது" என்றாள் அவள், நெட்டை பக்கம் திரும்பி.

நெட்டை சிரித்தான். கோட்டான்கூடச் சிரித்த மாதிரி இருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. திறந்துவிடப் பக்கத்தில் குழாய் எதுவும் இல்லை. எல்லாரும் கேட்க இருமினாள்.